கொதிக்கும் என்ஜின்: குற்றவாளி யார்?

பிரித்துச் சேர்த்த பிக்கப் வண்டி மலையேறும்போது சூடேறினால் மெக்கானிக், லேத் பட்டறை, ரேடியேட்டர் கடை ஆகிய மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். ஹெட்டைத் திரும்பத் திறக்காமலேயே ஒரே நாளில் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

ஜூலை பிறந்தால் இமாசலப் பிரதேசத்தின் மலைச்சாலைகள் பிக்கப் வண்டிகளின் ராஜ்ஜியம். ரோஹ்ரு, ஜுப்பல், கோட்காய் தோட்டங்களில் பறித்த ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தியோக், சிம்லா வழியாக பர்வானூ சந்தைக்கும், இன்னும் கீழே தில்லியின் ஆசாத்பூர் மண்டிக்கும் அவை வரிசை கட்டி இறங்குகின்றன. பெரும்பாலான வண்டிகளில் உரிமையாளரே ஓட்டுநர். மூன்று, நான்கு மாத சீசனில் கிடைப்பதுதான் ஆண்டு முழுவதற்குமான தவணை, டயர், பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம்.

சீசன் தொடங்குமுன் பலர் செய்யும் பெரிய செலவு என்ஜின் வேலை. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட் என்று எல்லாவற்றையும் மாற்றி, ஹெட்டை ஃபேசிங் செய்து, புதிதாகப் பிறந்த என்ஜினுடன் வண்டி பட்டறையை விட்டு வெளியே வருகிறது. சமவெளியில் சாதுவாக ஓடுகிறது. ஆனால் ரோஹ்ருவிலிருந்து முழுச் சுமையுடன் காராபத்தர் கணவாயை நோக்கி ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. பானெட்டைத் திறந்தால் ஆவி. சாலையோரத்தில் நிற்கும் வண்டியில் ஆப்பிள் இருக்கிறது. மண்டியில் விலை காத்திருக்காது.

அதன்பிறகு தொடங்குவது பழக்கப்பட்ட நாடகம். என்ஜின் புதுசு, அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆகிவிடும் என்பது மெக்கானிக்கின் முதல் பதில். இரண்டாவது முறை வந்தால் ரேடியேட்டரைக் காட்டுவார். ரேடியேட்டர் கடைக்காரர் ஹெட் கேஸ்கட்டைக் காட்டுவார். லேத் பட்டறைக்காரர் தன் ஃபேசிங் சுத்தம், போல்ட்டை முறுக்கியவரைக் கேளுங்கள் என்பார். ஒவ்வொருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். உரிமையாளர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கடைசியில் மறுபடியும் ஹெட். இதற்குள் சீசன் பாதி போயிருக்கும்.

இந்த வரிசை தலைகீழானது. முதலில் அளந்து, பிறகு கழற்ற வேண்டும்.

வெப்பத்தின் வரவு செலவு

டீசலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. கிட்டத்தட்ட அதே அளவு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை என்ஜினைச் சுற்றியோடும் குளிர்நீர் சுமந்து சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கொட்டியாக வேண்டும்.

ரோஹ்ரு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காராபத்தர் 2,600 மீட்டருக்கும் மேலே. சுமையோடு சேர்த்து 3 டன் எடையுள்ள ஒரு வண்டியை 1,100 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டரை லிட்டர் டீசல் எரிய வேண்டும். அந்த ஏற்றத்தில் குளிர்நீருக்குப் போய்ச் சேரும் வெப்பம், சாதாரண குழாய் நீர் 70 லிட்டருக்குக் குறையாமல் கொதிக்கவைக்கப் போதுமானது. இது உராய்வையும் காற்றெதிர்ப்பையும் சேர்க்காத குறைந்தபட்சக் கணக்கு. என்ஜினிலும் ரேடியேட்டரிலும் இருப்பதோ சில லிட்டர் நீர்தான். அது ஓயாமல் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் வெப்பத்தை இறக்கிவைக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இளைத்தாலும் சமவெளியில் தெரியாது. மலை காட்டிக்கொடுத்துவிடும்.

மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 2,600 மீட்டரில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 91 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் வேலை இங்கேதான் வருகிறது. சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் கொதிநிலை 115 டிகிரிக்கு மேல் போகும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் காற்றோடு போயிற்று. பல தெர்மோஸ்டாட்டுகள் 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி 95 டிகிரி வாக்கில்தான் முழுதாகத் திறக்கின்றன. அதாவது வெறும் தண்ணீரும் பழைய மூடியுமாக மலையேறும் வண்டி, வால்வு முழுதாகத் திறக்கும் முன்பே கொதித்துவிடும். லட்சம் ரூபாய் பேச்சு பேசப்படும் நோய்க்குச் சில நேரம் சில நூறு ரூபாய் மூடிதான் மருந்து.

புதிய என்ஜின் சூடேறுமா?

செட் ஆகிவிடும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. புதிய ரிங்குகளும் லைனர் சுவரும் ஒன்றோடொன்று பழகும் வரை உராய்வு சற்றுக் கூடுதலாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை முள் வழக்கத்தைவிட ஓர் இழை மேலே நிற்கலாம். ஆனால் ஒழுங்காகச் சேர்த்த என்ஜின் எதுவும் அந்த உராய்வால் மட்டும் கொதிக்காது. கொதித்தால் கோளாறு. பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையே விட்ட இடைவெளி போதாமல் இருந்தாலும் சூடு ஏறும். அந்த என்ஜின் ஓட ஓட செட் ஆகாது, ஓட ஓடச் சிக்கிக்கொள்ளும். சூடான நிலையில் அணைத்துவிட்டு மறுபடி செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் கனமாகச் சுற்றினால் அது அபாய அறிவிப்பு.

அதிலும் பெரிய ஆபத்து, நோயைக் கண்டுபிடிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பது. ஒருமுறை கடுமையாகக் கொதித்த அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம். வால்வுகளுக்கு இடையே விரிசல் விடலாம். சில நூறு ரூபாய்க் கோளாறு இப்படித்தான் இரண்டாவது என்ஜின் வேலையாக வளர்கிறது. அதன்பின் எது முதல் குற்றம், எது அதன் விளைவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பட்டறைக்கும் உரிமையாளருக்கும் நடக்கும் பெரும்பாலான சண்டைகள் தீராமல் போவது இதனால்தான்.

முள் சொல்வது உண்மையா?

முதல் கேள்வி எளியது: என்ஜின் நிஜமாகவே சூடேறுகிறதா? என்ஜினைக் கழற்றி மாட்டும்போது சென்சார் வயர், எர்த் வயர் ஆகியவை கழன்றோ துருவேறியோ போவதுண்டு. வேறு மாடலின் சென்சாரை மாட்டிவிடுவதும் உண்டு. முள் சிவப்பில் நின்றும் ஆவியில்லை, நாற்றமில்லை, ஹோஸ் சாதாரணச் சூட்டில் இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது மின் இணைப்பை.

இதைச் சரிபார்க்க இப்போது இரண்டு கருவிகள் சாதாரணப் பட்டறையிலேயே கிடைக்கின்றன. ஒன்று, துப்பாக்கி போலப் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. பளபளக்கும் உலோகத்தில் அது தவறான அளவைக் காட்டும். தெர்மோஸ்டாட் உறைக்கு அருகே கறுப்பு ரப்பர் ஹோஸின் மீதோ பெயின்ட் அடித்த பாகத்தின் மீதோ காட்ட வேண்டும். மற்றது ஸ்கேனர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின் தயாரான பிக்கப்புகளில் கணினி பார்க்கும் குளிர்நீர் வெப்பத்தை ஸ்கேனரில் அப்படியே படிக்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. நீர் மிகவும் குறைந்துபோய் சென்சார் வெற்றிடத்தில் தொங்கினால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். முள் இறங்கியதைப் பார்த்து நிம்மதியடைந்து ஓட்டியவர்கள் ஹெட்டை இழந்திருக்கிறார்கள்.

எப்போது சூடேறுகிறது?

அடுத்த கேள்விக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஓட்டுநரின் ஞாபகம் போதும். எந்தச் சமயத்தில் சூடேறுகிறது என்பதுதான் பாதி நோயறிதல்.

மழைக்காலத்தில் நிலச்சரிவால் சாலை மூடி, வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் குற்றம் விசிறியின் பக்கம். விசிறி உறை திரும்ப மாட்டப்படாமல் பட்டறை மூலையில் கிடக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம். விசிறியே முன்பின் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். மின்விசிறி என்றால் வயர் மாறி எதிர்த்திசையில் சுற்றலாம். ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது உள்ளிழுக்கப்படுகிறதா, தள்ளப்படுகிறதா என்று தெரிந்துவிடும். சிலிக்கான் எண்ணெய் அடைத்த கிளட்ச் விசிறியானால், என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போது கையால் சுழற்ற வேண்டும். எதிர்ப்பில்லாமல் கரகரவெனப் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

நிற்கும்போது சரியாக இருந்து, வேகமாக ஓடும்போது சூடேறினால் நீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகலாம். பழைய ஹோஸுக்குள் இருந்த ஸ்பிரிங்கை எறிந்துவிட்டுப் புதிய ஹோஸை மாட்டியிருந்தால் இது நடக்கும். வாட்டர் பம்பின் இறக்கை தண்டில் நழுவிக்கொண்டிருக்கலாம்.

ஏற்றத்தில் சுமையோடு மட்டும் சூடேறினால் பட்டியல் நீளம். இளைத்த ரேடியேட்டர், தாமதமாக வைத்த டீசல் பம்ப் டைமிங், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், நழுவும் கிளட்ச், அழுத்தத்தில் மட்டும் கசியும் ஹெட் கேஸ்கட் எல்லாம் இதில் அடக்கம். சற்று தூரம் ஓட்டி நிறுத்திய பின் நான்கு சக்கரங்களின் மையத்தையும் வெப்பமானியால் அளந்து ஒப்பிட்டால் பிரேக் குற்றவாளியா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். சுமையையும் மறக்கலாகாது. இமாசலத்தில் 2024 சீசன் முதல் ஆப்பிளுக்கு ஒரே அளவிலான யுனிவர்சல் அட்டைப்பெட்டி வந்துவிட்டதால் பெட்டியை எண்ணினால் எடை தெரியும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிவிட்டு மெக்கானிக்கைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் வேறு கதை. நீர் சூடேறி அழுத்தம் உருவாக இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் வந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

காற்று என்ற திருடன்

என்ஜின் வேலைக்குப் பின் வரும் சூட்டுக்கு மிகச் சாதாரணமான காரணம் உள்ளே சிக்கிய காற்று. நீரை முழுவதும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பும்போது ஹெட்டின் மேல்மூலைகளிலும் ஹீட்டர் குழாயிலும் காற்றுக் குமிழி தங்கிவிடும். குமிழி உள்ள இடத்தில் உலோகத்தைத் தொட நீர் இல்லை. வாட்டர் பம்புக்குள் காற்று புகுந்தால் அது நீரைத் தள்ளாமல் சும்மா சுற்றும். முள் திடீரென்று ஏறுவதும் திடீரென்று இறங்குவதும் இதன் அடையாளம். ஹீட்டர் உள்ள வண்டியில் என்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதினால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து பொறுமைதான். வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்த வேண்டும். ஹீட்டர் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்தபடி குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, குறைவதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறிய பின் மறுபடி பார்க்க வேண்டும். சூடான என்ஜினின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பீறிடும் ஆவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

இரண்டு மூன்று முறை காற்றை வெளியேற்றியும் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது மிச்சமிருந்த காற்று அல்ல. யாரோ உள்ளே ஊதுகிறார்கள்.

கழற்றி எறியப்படும் தெர்மோஸ்டாட்

வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒரே மாதிரியான வைத்தியம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது பரவலான நம்பிக்கை. பல என்ஜின்களில் இது எதிர்விளைவையே தரும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் உள்ளேயே சுற்றவிட ஒரு பைபாஸ் வழி இருக்கிறது. சூடானதும் தெர்மோஸ்டாட்டின் கீழ்த்தட்டு அந்த வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே மறுபடி என்ஜினுக்குள் போகும். சமவெளியில் குளிர்ந்தே ஓடும் வண்டி ஏற்றத்தில் கொதிக்கும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பும் பாத்திரமும் போதும். நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கினால் எந்த டிகிரியில் திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய தெர்மோஸ்டாட் சூடான நீரைச் சந்திப்பதே இல்லை. திறக்க மறந்த கதவாக நின்றுவிடும்.

பழைய ரேடியேட்டர், புதிய என்ஜின்

புதிய என்ஜினோடு பழைய ரேடியேட்டரை மாட்டுவது சிக்கனம்தான். ஆனால் அதற்குள் ஆண்டுக்கணக்கான உப்பும் துருவும் இருக்கும். போர்வெல் நீரும் ஊற்று நீரும் ஊற்றிய வண்டிகளில் உட்சுவரில் சுண்ணாம்புப் படலம் படிகிறது. அது வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பைவிட மிக மோசம். 1 மில்லிமீட்டர் படலம், 20 மில்லிமீட்டருக்கும் கூடுதலான வார்ப்பிரும்புச் சுவர் போலத் தடுக்கும். பட்டறையில் பிளாக்கைக் கழுவும்போது தளர்ந்த துரு, புதிய என்ஜின் ஓடத் தொடங்கியதும் கிளம்பிப் போய் ரேடியேட்டர் குழாய்களை அடைக்கிறது. கேஸ்கட் ஓரங்களில் அளவுக்கு மேல் தடவிய சிலிக்கான் பசை உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாகப் பிய்ந்து அதே இடத்துக்குப் போய்ச்சேரும்.

என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டர் முகத்தை வெப்பமானியால் கட்டம் கட்டமாக அளந்தால் அடைத்த பகுதி குளிர்ந்த தீவாகத் தெரியும். வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். துடுப்புகளுக்கிடையே சேறும் பூச்சியும் அடைந்திருந்தாலும், முன்னால் அலங்காரக் கம்பியும் பேனரும் கட்டியிருந்தாலும் காற்று நுழையாது.

நிரப்ப வேண்டியது என்ன என்பதிலும் மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் இல்லை. எதிலீன் கிளைக்கால் கலந்த கூலன்டும் கனிமம் நீக்கிய நீரும் சரிபாதி. கோடையில் அது கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. குளிர்காலத்தில் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடி பிளாக்கையே பிளந்துவிடும். காராபத்தரில் பனி விழும் இரவில் நிறுத்திய வண்டிக்கு இது கற்பனை ஆபத்து அல்ல. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்பிக் கலக்கக்கூடாது. நிறத்துக்குப் பொதுவிதி எதுவும் இல்லை. டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

ஹெட் கேஸ்கட் விசாரணை

எல்லோரும் முதலில் சந்தேகிக்கும் ஹெட் கேஸ்கட்டை உண்மையில் கடைசியில்தான் விசாரிக்க வேண்டும். அதற்கும் ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை.

முதல் சோதனை, நிரம்பி வழியும் குழாயின் நுனியை நீர் நிரம்பிய பாட்டிலில் மூழ்கவைப்பது. என்ஜின் சூடாகி நீர் விரிந்து முடிந்த பிறகும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் குமிழி தொடர்ந்து வந்தால் சிலிண்டர் வாயு கசிகிறது. இரண்டாவது, ரசாயனச் சோதனை. ரேடியேட்டர் வாயில் வைக்கும் கண்ணாடிக் குழாயில் உள்ள நீலத் திரவம், எரிந்த வாயு பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். மூன்றாவது, குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்த அழுத்தத்தை ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருப்பது. முள் இறங்கி, வெளியே ஈரம் எதுவும் தெரியாவிட்டால் நீர் உள்ளே போகிறது. குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு செல்ஃப் அடித்தால் எந்தச் சிலிண்டரிலிருந்து நீர் பீய்ச்சுகிறதோ அதுதான் இடம்.

ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை தெரிந்தாலே கேஸ்கட் போய்விட்டது என்று தீர்ப்பளிப்பதும் அவசரம். குளிர்ப் பிரதேசத்தில் குறைந்த தூரம் ஓடும் வண்டியில் காற்றின் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். ஆயில் கம்பியிலும் பால் நிறம் தெரிந்தால்தான் விஷயம் தீவிரம்.

புதிய வண்டிகளில் இன்னொரு சந்தேக நபர் உண்டு. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி என்ஜினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் வழியாகவும் குளிர்நீர் ஓடுகிறது. அது உள்ளே விரிசல் விட்டால் நீர் குறைகிறது, வெண்புகை வருகிறது, ரசாயனச் சோதனையும் நிறம் மாறக்கூடும். ஹெட் கேஸ்கட்டின் அதே அடையாளங்கள். கூலரைத் தனியே கழற்றி அழுத்தம் ஏற்றிப் பார்க்காமல் ஹெட்டைத் திறந்தால், வீண் செலவோடு நோயும் மிஞ்சும்.

திறக்க வேண்டி வந்தால்

எல்லாச் சோதனையும் உள்ளே கைகாட்டினால் திறக்கத்தான் வேண்டும். அப்போது உரிமையாளர் பக்கத்தில் இருப்பது நல்லது. பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறிய விடக்கூடாது, அது சாட்சி. நீர்த்துளைகளுக்கு நேரே கேஸ்கட்டிலும் துளை இருந்ததா, முன்பின் மாறி மாட்டி அடைத்துவிட்டார்களா என்று அதில் தெரியும். டீசல் என்ஜின்கள் பலவற்றில் கேஸ்கட் பல கனங்களில் வருகிறது. பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு துருத்துகிறது என்று அளந்து, ஓரத்தில் உள்ள வெட்டுகளையோ துளைகளையோ எண்ணிப் பொருத்தமானதைப் போட வேண்டும். கடையில் கிடைத்ததைப் போடுவது சூதாட்டம்.

கழற்றி மாட்டும் லைனர் உள்ள என்ஜினில் ஒவ்வொரு லைனரும் பிளாக்கைவிட மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் எத்தனை புதிய கேஸ்கட் போட்டாலும் அங்கே கசியும். ஹெட்டின் மட்டத்தை நேர்சட்டமும் ஃபில்லர் கேஜும் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். கண்ணுக்கு மட்டமாகத் தெரிவது போதாது. விரிசலுக்கு வெந்நீரில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். காந்தச் சோதனை அலுமினியத்தில் பலிக்காது.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். கோணக் கணக்கில் முறுக்கும் வகைப் போல்ட்டுகள் நீண்டுகொடுப்பவை. பழையதைத் திரும்பப் போடக்கூடாது. போல்ட் துளையில் ஆயிலோ நீரோ தேங்கியிருந்தால் ரென்ச் சொடுக்கும், ஹெட் இறுகாது. வேலையின்போது தூசி விழாதிருக்க நீர்வழியில் செருகிய துணி உள்ளேயே மறக்கப்படுவதும் உண்டு. பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் சிறு குழாய்கள் வளையாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் யார் கையிலிருந்து?

கோளாறு எது என்று தெரிந்துவிட்டால் பொறுப்பும் ஓரளவு தெளிவாகும். மாறி மாட்டிய கேஸ்கட்டும் தளர்ந்த போல்ட்டும் மெக்கானிக்கின் கணக்கு. மட்டமில்லாத ஃபேசிங்கும் தாழ்ந்த லைனரும் பெரும்பாலும் லேத் பட்டறையின் கணக்கு. அடைத்த ரேடியேட்டரை மாற்றச் சொல்லியும் மறுத்தவர் உரிமையாளரானால் கணக்கு அவருடையது. இதில் எதையும் பின்னால் நிரூபிக்க வேண்டுமானால் காகிதம் வேண்டும். என்ஜின் வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடக்கிறது. பில் கேட்டால் வரிப் பேச்சு வரும் என்று இரு தரப்புமே தவிர்த்துவிடுகிறது.

சொந்த வண்டியை ஓட்டிப் பிழைப்பவர் வணிகர் என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பத்து வண்டி வைத்துக் கூலிக்கு ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இந்த வாசல் எளிதில் திறக்காது.

பட்டறைக்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவின்படி, ஒப்புக்கொண்ட வேலையை முறையாக முடித்தவர் கூலி வரும் வரை வண்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். முறையாக முடித்தாரா என்பதுதான் சண்டை. அதைத் தீர்க்கக்கூடிய ஆதாரம் ஒரே ஒரு தாள். லைனரின் உயரம், பிஸ்டனின் துருத்தல், ஹெட்டின் மட்டம், போட்ட கேஸ்கட்டின் கனம், போல்ட்டின் முறுக்கு, நிரப்பிய கூலன்ட், மாற்ற மறுத்த பாகங்கள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள். அளந்தவருக்கு எழுதுவதில் சிரமமில்லை. எழுதத் தயங்கும் பட்டறையில் அளக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டியை விடுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வது, காராபத்தர் ஏற்றத்தில் தெரிந்துகொள்வதைவிட மலிவு.